பிரயோஜனம் இல்லாத ஒரு நம்பர்!

உங்கள் செல்போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்:

2147483647

இரண்டில் எது பெரிசு? நம் நாட்டில் செல்போன் நம்பர் 6, 7, 8, 9 இந்த நாலில் ஒன்றில்தான் ஆரம்பிக்கும். மொத்தம் பத்து இலக்கம். ஆகவே பார்க்காமலே சொல்கிறேன், உங்களுடையதுதான் பெரிசு. சந்தோஷம்! ஆனால், இந்தச் சந்தோஷத்தால் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்குத் தலைவலி வந்த கதையைக் கேளுங்கள்.

பி.காம். முடித்த கையோடு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச காலம் குப்பை கொட்டினேன். அங்கே அந்த முதலாளி தன் கடைக் கணக்கோடு வாடிக்கையாளர் பட்டியலையும் கொண்டுவந்து போட்டார். தீபாவளித் தள்ளுபடி பற்றி எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்று பிரிண்ட் எடுத்தாராம். நானூறு சொச்சம் பேருக்கும் ஒரே நம்பர். நீங்கள் இப்போது எழுதினீர்களே, அதே நம்பர்!

"யாருய்யா இந்த ஆளு? ஊர்ல அத்தனை பேரும் இவன் வீட்டுக்குப் போய்த்தான் போன் பேசறாங்களா?" என்றார்.

விஷயம் இதுதான். புரோகிராம் எழுதிய புண்ணியவான் போன் நம்பருக்கு ஒதுக்கிய கட்டம், 2147483647 வரைதான் கொள்ளும். அதற்கு மேல் எது வந்தாலும், நெல் அளக்கும்போது படியின் தலையை வழித்துவிடுவோமே, அந்த மாதிரி வழித்துவிட்டு, படி கொண்ட அளவை மட்டும் குறித்துக்கொண்டது. நம் ஊர் செல்போன் நம்பர் ஒன்றுகூட அந்தப் படிக்குள் அடங்காது.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த நம்பர் பைத்தியம். நம் கணக்கில் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பார்வைக்கு ஒரு லட்சணமும் இல்லை. ஆனால், ஆசாமி லேசுப்பட்டவர் இல்லை!

*சதுரங்கப் பலகையில் பாதி*

ராஜாவிடம் சதுரங்கத்துக்குப் பரிசு கேட்ட புத்திசாலியின் கதை உங்களுக்குத் தெரியும். முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நாலு, அடுத்து எட்டு... 64 கட்டம் முடிவதற்குள் ராஜாவின் களஞ்சியம் காலி.

நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம், பாவம் ராஜா. 31-வது கட்டத்தோடு நிறுத்தி, அதுவரை வைத்த அரிசியையெல்லாம் கூட்டிப் பாருங்கள். சரியாக 2147483647 அரிசி! ஆயிரம் அரிசி 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 43 டன். 25 கிலோ சிப்பமாகக் கட்டினால் 1,700 சிப்பத்துக்கு மேல்.

அரிசி வேண்டாம், காலத்தில் பார்ப்போமா? பிறந்த விநாடியிலிருந்து ஒரு குழந்தை தூங்காமல் சாப்பிடாமல் விநாடிக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே வந்தால், அறுபதாம் கல்யாணமும் முடிந்து, 68 வயதும் 18 நாளும் ஆகும்போதுதான் இந்த எண்ணைத் தொடும்.

வாய்ப்பாடாகச் சொன்னால், 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருகிற விடையில் ஒன்றைக் கழிக்கவேண்டும். அவ்வளவுதான் ஜாதகம். இந்த 31-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

*கண் தெரியாதவர் கண்டது*

தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைப் பகா எண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 2, 3, 5, 7, 11... இந்த ஜாதி.

பிரான்ஸில் மெர்சென் என்று ஒரு பாதிரியார். இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழிக்கும் நம் வாய்ப்பாட்டில் எதெல்லாம் பகா எண் என்று 1644-ல் ஒரு பட்டியல் போட்டார். இரண்டு இரண்டைப் பெருக்கி ஒன்று கழித்தால் 3, மூன்றுக்கு 7, ஐந்துக்கு 31, ஏழுக்கு 127. எல்லாம் பகா எண்கள். ஆஹா என்று குதிக்காதீர்கள். பதினொன்றுக்கு 2047 வருகிறது. அது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வந்துவிடும். கதை கந்தல்.

பாதிரியார் பட்டியலில் 31-ம் உண்டு, 67-ம் உண்டு. இதில் 67 தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. ஆக, பாதிரியார் சொன்னார் என்பதற்காக 31-ஐ நம்ப முடியாது. யாராவது உட்கார்ந்து வகுத்துப் பார்க்கவேண்டும். எது வரைக்கும்? ஓர் எண் இரண்டாக உடைந்தால், அதில் சின்னத் துண்டு அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. நம் ஆளுக்கு வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரை உள்ள பகா எண்களையெல்லாம் போட்டு வகுப்பதென்றால் ஆயிரக்கணக்கான வகுத்தல். கால்குலேட்டர் கிடையாது. பேப்பர், இறகுப் பேனா, மெழுகுவத்தி.

அதைச் செய்து முடித்தவருக்கு மெழுகுவத்தியும் உபயோகப்படாது. ஆய்லர்! சுவிட்சர்லாந்தில் பிறந்து ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த கணித மேதை. முப்பது வயதையொட்டி ஒரு கண் போயிற்று. இன்னொன்றில் புரை விழுந்தது. 1771-ல் ஆபரேஷன் செய்தார்கள், அதன் பிறகு அந்தக் கண்ணும் ஏறக்குறையப் போயிற்று. அதே வருஷம் வீடும் தீப்பிடித்து எரிந்தது. நாமாக இருந்தால் பரிகாரம் செய்ய க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக அலைந்திருப்போம். அவர் 1772-ல், 65 வயதில், பெர்னூலி குடும்பத்துக்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார்: 2147483647 பகா எண்தான்!

எப்படி? அங்கேதான் சாமர்த்தியம். ஆயிரக்கணக்கில் வகுக்காமல், முதலில் சல்லடை போட்டார். இந்த எண்ணை ஏதாவது ஒரு பகா எண் வகுக்கவேண்டுமானால், அந்தப் பகா எண்ணை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். இது முதல் சல்லடை. (62 எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? நம் 31-ன் இரு மடங்கு!) 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துச் சலித்தால், 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரும் எண்கள்தான் மிஞ்சும். 46,340 வரை, 1-ஐ விட்டுவிட்டால், அப்படிப்பட்டவை மொத்தமே 373. அவற்றிலும் பகா எண் அல்லாதவற்றைத் தள்ளிவிடலாம்.

நீங்களும் ஒன்று போட்டுப் பாருங்களேன். அந்த 373-ல் வரும் ஒரு பகா எண் 311. 2147483647-ஐ 311-ஆல் வகுங்கள். மீதி 35 வரவேண்டும். ஒரு கணக்குக்கே விரல் வலிக்கிறதா? எழுதிக்கொடுக்க ஆய்லர் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால், எதை வகுக்கவேண்டும், எதை வகுக்கவே வேண்டாம் என்று பார்த்தது அந்தக் கண் தெரியாத மனுஷரின் மூளை.

அதன் பிறகு வெகு காலம், மனிதனுக்குத் தெரிந்த பகா எண்களிலேயே பெரிய எண் இதுதான்.

*வாத்தியாரின் ஜோசியம்*

6-ஐ வகுக்கும் சின்ன எண்கள் 1, 2, 3. கூட்டினால் திரும்பவும் 6. 28-க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. தன் பாகங்களே கூடித் தானாகிற இந்த எண்களுக்கு 'நிறைவு எண்' என்று பெயர். 2,300 வருஷத்துக்கு முன்னாலேயே கிரேக்கத்து யூக்ளிட், இவற்றுக்குச் சாவி நம் வாய்ப்பாட்டுப் பகா எண்களிடம் இருக்கிறது என்று காட்டிவிட்டார். நம் 2147483647-ஐ 1073741824-ஆல் பெருக்கினால் வருவது 2305843008139952128. பத்தொன்பது இலக்க நிறைவு எண்.

இங்கிலாந்தில் உல்விச் ராணுவப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் பீட்டர் பார்லோ. 1811-ல் புத்தகம் எழுதும்போது இந்தப் பத்தொன்பது இலக்கத்தைக் காட்டி ஒரு ஜோசியம் சொன்னார்: 'இனிமேல் கண்டுபிடிக்கப் போவதிலும் அநேகமாக இதுதான் பெரியதாக இருக்கும். இவையெல்லாம் வெறும் வேடிக்கை, பிரயோஜனம் கிடையாது. ஆகையால் இதைத் தாண்டி யாரும் மெனக்கெட மாட்டார்கள்.' சாராம்சம் இதுதான்.

மெனக்கெட மாட்டார்களா? 1876-ல் பிரான்ஸின் லூக்கா, 127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் வரும் 39 இலக்க எண் பகா எண் என்று நிரூபித்தார். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்ததற்கு 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 இரண்டுகள் வேண்டும். அந்த எண்ணின் இலக்கங்கள் மட்டும் 4,10,24,320. பக்கத்துக்கு 2,500 இலக்கம் வீதம் அச்சடித்தால் 16,400 பக்கம்!

மெனக்கெட மனுஷர்கள் எப்போதும் இருப்பார்கள் என்பது வாத்தியாருக்குத் தெரியவில்லை. சரி, 'பிரயோஜனம் கிடையாது' என்றாரே, அதுவாவது பலித்ததா?

*பகடை உருட்டும் எண்*

கம்ப்யூட்டருக்குத் தாயம் விளையாடத் தெரியாது. கட்டையை உருட்டிப் போட அதற்குக் கை கிடையாது. ஆனால் விளையாட்டு, ஆராய்ச்சி என்று பல வேலைகளுக்குக் குத்துமதிப்பாக ஓர் எண் வேண்டியிருக்கிறது. அதற்கு 1969-ல் ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்காக மூன்று பேர் பிடித்தது நம் ஆளைத்தான். 1988-ல் பார்க், மில்லர் என்ற இருவர், குறைந்தபட்சம் இந்தத் தரமாவது இருக்கட்டும் என்று இதையே சிபாரிசு செய்தார்கள்.

வழி சுலபம். 1-ல் ஆரம்பியுங்கள். 16,807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுங்கள். அந்த மீதியைத் திரும்பப் பெருக்கி, திரும்ப வகுத்து, திரும்ப மீதி... வருவது இப்படி: 16,807. அடுத்து 28,24,75,249. அடுத்து 162,26,50,073. அடுத்து 98,49,43,658. தாயக்கட்டை மாதிரியே தாறுமாறாகக் குதிக்கிறதல்லவா? ஆனால் 1-லிருந்து 2147483646 வரை ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு, ஒன்றைக்கூட விடாமல், பிறகுதான் 1-க்குத் திரும்பும். ஊர்த்தேர் எல்லாத் தெருவும் சுற்றி நிலைக்கு வருகிற மாதிரி!

இதற்கு ஆதாரமே 2147483647 பகா எண்ணாக இருப்பதுதான். (இன்றைக்கு இதைவிட நல்ல முறைகள் வந்துவிட்டன. பாஸ்வேர்டு மாதிரி ரகசிய சமாசாரங்களுக்கு இது ஆகாது.)

*முப்பத்தோரு வரவு, ஒரு பற்று*

இப்போது 31-க்கு வருவோம். நிறைய கம்ப்யூட்டர் புரோகிராம்களில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இடம் 32 சுவிட்சுகள். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொல்லிவிடுகிறேன். 31 சுவிட்சுகள் வரவுக் கணக்கு. முதல் சுவிட்சைப் போட்டால் 1, அடுத்தது 2, அடுத்தது 4, 8, 16... அதே சதுரங்க அரிசி! முப்பத்தொன்றையும் போட்டால் 2147483647. மீதியுள்ள ஒரே ஒரு சுவிட்ச் பற்றுக் கணக்கு. அதைப் போட்டால் மைனஸ் 2147483648.

சரி, வரவு சுவிட்சுகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது இன்னும் ஒன்று கூட்டினால்? ஸ்கூட்டர் மீட்டரில் 99,999-க்கு அப்புறம் எல்லாச் சக்கரமும் சுழன்று சைபராகுமே, அதே மாதிரி முப்பத்தொன்றும் அணைந்து, பற்று சுவிட்ச் மட்டும் எரியும்.

காசுக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2,14,74,836 ரூபாய் 47 காசு. இன்னும் ஒரே ஒரு காசு வந்து சேர்ந்தால், அதே தொகைக்கு மேல் ஒரு காசு கடன்! கோடீஸ்வரர் ஒரு காசில் கடன்காரர். எந்த ஆடிட்டராலும் பண்ண முடியாத வித்தை.

இது வெறும் கற்பனை இல்லை. 2014 டிசம்பரில், கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' ஆட்டத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை இந்த எல்லைக்கு வந்துவிட்டது என்று யூட்யூப் அறிவித்தது. எண்ணும் கட்டத்தை முன்கூட்டியே 64 சுவிட்சாக மாற்றியிருந்தார்கள், பிழைத்தார்கள்.

2021 மே மாதம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் வேறு கூத்து. அங்கே பற்று சுவிட்சையும் வரவுக்கே கொடுத்திருந்ததால் எல்லை இரு மடங்கு. விலையில் புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் போக, ஒரு பங்கு 4,29,496 டாலர் சொச்சம் வரை போகலாம். எந்தப் பங்கு அவ்வளவு போகும் என்று நினைத்திருப்பார்கள். வாரன் பஃபட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே 4,21,000 டாலரைத் தாண்டி நெருங்கிவிட்டது! அந்தப் பங்கின் விலையை ஒளிபரப்புவதைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டியதாயிற்று.

சிரிப்பு வராத சமாசாரமும் உண்டு. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளில், 248 நாள் இடைவிடாமல் மின்சாரம் ஓடினால் உள்ளே ஒரு கணக்குக் கட்டம் நிரம்பி வழியும், எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோகலாம் என்று சோதனைக்கூடத்தில் தெரிந்தது. 2015-ல் அமெரிக்க விமானத் துறை, அவ்வப்போது மின்சாரத்தை அணைத்துப் போடச் சொல்லி உத்தரவு போட்டது. விநாடியை நூறாகப் பங்கிட்டு எண்ணினால் 2147483647 நிறைய எத்தனை நாள் ஆகும்? 248 நாள் 13 மணி! (ஆய்லரின் சல்லடையிலும் ஒரு 248 வந்ததே என்கிறீர்களா? தற்செயல். ஆனாலும் மயிர்க்கூச்செறிகிறது.)

*செவ்வாய்க்கிழமை காலை 8.44*

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தேதி இருக்கிறது. 'யூனிக்ஸ்' வம்சத்துக் கம்ப்யூட்டர்களுக்குக் காலண்டர் தெரியாது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். பழைய ஏற்பாட்டில் அந்த எண்ணிக்கைக்கும் 32 சுவிட்ச்தான்.

படி நிறையும் நாள் 2038 ஜனவரி 19. பொங்கல் கழிந்த கையோடு வரும் செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. பஞ்சாங்கம் பார்த்தேன், ராகு காலம் இல்லை. எமகண்டம் ஆரம்பிக்க இன்னும் கால் மணி இருக்கிறது. அடுத்த விநாடியில், மாற்றப்படாத கம்ப்யூட்டர் 1901 டிசம்பர் 14, விடியற்காலை 2 மணி 15 நிமிஷம் என்று நினைத்துக்கொள்ளும். பாரதியாருக்குப் பத்தொன்பது வயது முடிந்து மூன்றாம் நாள்!

எதிர் வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தம்பி, 1901-ல நான் பொறக்கவே இல்லையே. என் பென்ஷனை எந்தக் கணக்குல போடுவான்?"

"அதுக்குள்ள மாத்திடுவாங்க ஸார்."

"யாரு மாத்துவா?"

நல்ல கேள்வி. பெரிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் மாற்றிவிட்டார்கள். லினக்ஸில் பழைய 32 சுவிட்ச் இயந்திரங்களுக்கும் 2020-ல் வழி செய்துவிட்டார்கள். 64 சுவிட்ச் கட்டம் நிறைய 29,200 கோடி வருஷம் ஆகும். பிரபஞ்சத்தின் இதுவரையிலான வயதைப் போல இருபது மடங்குக்கு மேல். அதைப் பற்றி நம் பேரன் பேத்திகளும் கவலைப்படவேண்டாம்.

கவலை, ஒரு தடவை மாட்டிவிட்டு மறந்துபோகிற சின்னப் பெட்டிகளைப் பற்றித்தான். மீட்டர், கண்காணிப்புக் கேமரா, தொழிற்சாலைக் கருவி என்று சுவரில் தொங்குபவை. அவற்றில் எதற்குள் பழைய படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும். 2038 வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று ஒருவர் பதினைந்து வருஷத் தவணையில் வீட்டுக் கடன் வாங்கினால், கடைசித் தவணைத் தேதி அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தாண்டித்தான் விழும். பழைய கட்டத்தில் கணக்குப் போடுகிற புரோகிராமுக்கு அவருடைய விஷயத்தில் 2038 இன்றைக்கே வந்துவிட்டது.

1999-ல் நான் அரை டிராயர் பையன். 'இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும்' என்று ஊரே பேசியது. நம் பிள்ளைகள் பலர் ராத்திரி பகலாக உட்கார்ந்து பழைய கோபால் புரோகிராம்களைத் திருத்தினார்கள். (ஆள் பேர் இல்லை, கம்ப்யூட்டர் பாஷை!) ஜனவரி 1 விடிந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உடனே நாம் என்ன சொன்னோம்? "சும்மா பயங்காட்டினாங்கப்பா!"

ஆய்லருக்கு இந்த எண்ணால் காலணா லாபம் இல்லை. பார்லோவுக்கு இதன் வாரிசுகள் வெறும் வேடிக்கை. 2147483647 தன்பாட்டுக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. நாம்தான் போய் அதன்மேல் வீடு கட்டினோம், வங்கி கட்டினோம், விமானமும் விட்டோம். 2038 ஜனவரி 19 காலை 8.45-க்கு உங்கள் வீட்டில் விளக்கு எரிந்து, பால் பாக்கெட் வந்து, ஹெட்மாஸ்டருக்குப் பென்ஷனும் சரியாக வந்திருந்தால், 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று சொல்லாதீர்கள். யாரோ ஒரு பிள்ளை எங்கேயோ உட்கார்ந்து, பழைய பெட்டி ஒன்றைத் திறந்து, படியை மாற்றியிருக்கிறான் என்று அர்த்தம்.